வாசற்படியில் மஞ்சள் கோடு

அன்புள்ள அம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முட்டிவலி தேவலையா? அத்தா சுகர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா? நான் நலம். போனில் சொன்னால் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை, சிரிக்கிற விஷயம்தான்.

எறும்புத் தொல்லைக்கு நீங்கள் சொன்னீர்களே, "கொல்லாதடி, பாவம். வாசப்படில மஞ்சத்தூளக் கோடா போடு, எலுமிச்சம்பழத்த அறுத்து ரெண்டு பக்கமும் வையி, அதுகளா போயிரும்" என்று. அப்படியே செய்தேன். எறும்பு போய்விட்டது.

எதிர்வீட்டு மீராபென்னும் போய்விட்டார்கள். இந்த வதோதராவில் சாயங்காலமானால் என் கதவைத் தட்டி டீ கொடுக்கிற ஒரே ஆள். அன்றைக்கு டம்ளரோடு வந்தவர்கள், மஞ்சளையும் எலுமிச்சையையும் பார்த்துச் செய்வினை என்று நினைத்தார்கள் போல, அப்படியே திரும்பிவிட்டார்கள். நம் பேகம்பூரில் என்றால் "எறும்பா?" என்று கேட்டுவிட்டுத் தாண்டி வந்திருப்பார்கள். விளக்கிச் சொல்லலாம் என்று போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே டிவி சத்தம் நின்றது. கதவு திறக்கவில்லை.

மறுநாளே கோட்டைத் துடைத்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் எறும்பு திரும்பி வந்துவிட்டது. அவர்கள் வரவில்லை, பத்து நாளாகிறது.

அடுத்த பார்சலில் சீரகச் சம்பா அரிசி அனுப்புங்கள், இரண்டு பேருக்கு ஆகிற மாதிரி. மீராபென் கறி தொடமாட்டார்கள், நெய்ச்சோறு ஆக்கிக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன்.

கம்பெனி வேன் வந்துவிட்டது, ஹாரன் அடிக்கிறான். எறும்புக்கு வேறு வைத்தியம் எதுவும் சொல்லாதீர்கள் அம்மா. அதுகளாவது வந்து போகட்டும்.

உங்கள்
ஷாஹினா