மெரிடா ரயிலின் சார்ட்

உன் புத்தகம் இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. மழைக்கால ஈரமும் நாப்தலீன் உருண்டையும் கலந்த வாசனை. உன் அலமாரியின் வாசனை அது. பாலிகஞ்ச் வீட்டைக் காலி செய்துவிட்டு உன் வீட்டம்மா, எனக்கு மைனி, சால்ட் லேக்கில் மகளோடு இருக்கிறார்கள். நேற்று பார்க்கப் போனேன். "இத நீங்களே வச்சுக்கிடுங்க. இந்த ஊர்ப் பேரு ஒண்ணும் எனக்கு வாயில நொழையல" என்று கொடுத்தார்கள். நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. அழுகை வருமோ என்று பார்த்தேன், வரவில்லை. நீ செத்த அன்றும் வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்க்கிற மாதிரி என்னையே கிள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பூஜை லீவில், கோல் பார்க் நடைபாதைக் கடையில் வாங்கினாய். அட்டை கிழிந்த, பழைய மெக்சிகோ வழிகாட்டி. பூஜை வந்தால் இந்த ஊரே மூட்டை கட்டிக்கொண்டு புரி, டார்ஜிலிங் என்று கிளம்பிவிடும். இங்கேயே பிறந்து வளர்ந்தும் நம் இரண்டு வீட்டுக்கும் மட்டும் லீவென்றால் திருநெல்வேலி. ஒரு கல்யாணம், இல்லாவிட்டால் காதுகுத்து. "ஏல, ரிட்டயர் ஆனதும் ஒரே ஒரு தடவ, நமக்குச் சொந்தக்காரனே இல்லாத ஊருக்குப் போவோம்ல" என்றாய்.

சியால்தாவில் ரயில் கன்ட்ரோலர் வேலை பார்த்தவன் நீ. எதையும் சார்ட்டாகப் போடாமல் உன்னால் யோசிக்க முடியாது. குறுக்கே மணி, நெடுக்கே ஸ்டேஷன், ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு சாய்ந்த பென்சில் கோடு. ரயில் நிற்கிற இடத்தில் கோடு படுத்துவிடும். நம் பத்து நாளையும் அப்படித்தான் போட்டாய். ஸ்பெயின்காரர்கள் கட்டிய மெரிடா, காம்பெச்சே, வயாதோலித். நடுவில் மாயன்களின் உஷ்மால், சீச்சேன் இட்சா. காம்பெச்சேயில் இரண்டு நாள் வேண்டும் என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டிருப்பேன்! "கோட்டைச் சுவரப் பாக்க ரெண்டு நாளா? பெயின்டா அடிக்கப் போற?" என்பாய்.

எல்லாவற்றுக்கும் நடுநாயகம் மெரிடாவிலிருந்து வயாதோலித் போகிற ரயில். அதற்காகத்தான் மற்ற நாள்களையே முன்னும் பின்னும் நகர்த்தினாய். எனக்கானால் பஸ் என்றாலே குமட்டும். மினி பஸ்ஸில் உன் புதுச் சட்டைமேல் நான் வாந்தி எடுத்த கதையை என் பேங்க் வரைக்கும் வந்து சொன்னவன் நீ. ஆனாலும் அந்த ரயில் உன் ஆசை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பிறகு உனக்கு உடம்பு விழுந்தது. கை நடுங்கி, பென்சிலைக்கூடப் பிடிக்க முடியாமல் போயிற்று. அப்போதும் தலையணைக்குப் பக்கத்தில் அந்தப் புத்தகம். காளிகாட்டில் புதிதாக இன்டர்நெட் கடை திறந்திருந்தார்கள். ஓட்டல் விவரம் பார்க்கலாமென்று போனேன். மெக்சிகோவில் பயணிகள் ரயிலை நிறுத்திப் பல வருஷம் ஆயிற்று என்று திரையில் வந்தது. நேராக உன்னிடம் வந்தேன். வாயைத் திறப்பதற்குள் நீ கேட்டுவிட்டாய்.

"ரயில் டைமிங் ஏதும் மாறிருக்காலே?"

"இல்லல. அதே டைம்தான்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "அப்பம் சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாய்.

தப்பான டைம் சொல்கிறவனை உனக்கு ஆகவே ஆகாது. "தெரியலன்னு சொல்லு, மன்னிச்சிருவேன். தப்பா சொன்னா ஆளு செத்துருவாம்ல" என்று ஸ்டேஷன்களில் புதிதாக வேலைக்கு வந்த பையன்களைப் போனில் காய்ச்சுவாய். அப்படிப்பட்டவனுக்கு, சாகக் கிடக்கையில், நான் தப்பு டைம் சொன்னேன். ஆறு வருஷமும் எனக்கு இது ஒன்றுதான் உறுத்தியது. மற்றபடி சாப்பிட்டேன், தூங்கினேன், பென்ஷன் வாங்கினேன்.

நேற்று மைனி டீ போட உள்ளே போனபோது புத்தகத்தைத் திறந்தேன். சார்ட் நாலாக மடித்து உள்ளே இருந்தது. ரயிலுக்குப் போட்ட கோட்டை ரப்பரால் அழித்திருந்தாய்; தடம் மட்டும் தெரிந்தது. அதன்மேல் புதிதாக ஒரு கோடு. பக்கத்தில், அச்சடித்த மாதிரி உன் கையெழுத்தில், "ரயில் இல்லை. பஸ்." கை நடுங்க ஆரம்பிப்பதற்கு முன்னால் எழுதிய எழுத்து. நான் அந்த இன்டர்நெட் கடைக்குப் போவதற்கு வெகுநாள் முன்னாலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது, பாவி.

அந்தப் பஸ் கோடு நேராகப் போகவில்லை. அரை மணிக்கு ஒருதரம் ஏதோ ஓர் ஊரில் படுத்துக் கிடந்தது. இறங்கி நின்று, அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி போட்டிருந்தாய். மூன்று மணி நேரத்துப் பாதைக்கு ஆறு மணி நேரம். ஓரத்தில் பொடி எழுத்தில், "அவனுக்குக் காத்து வேணும். எலுமிச்சம்பழம் மறக்காதே. இப்பம் சொன்னா வரமாட்டான்."

டீ ஆறிப்போனதை மைனி சொல்லித்தான் பார்த்தேன். "எதுவும் முக்கியமான காயிதமா?" என்று கேட்டார்கள். "அவன் போட்ட கணக்கு, மைனி" என்றேன். அப்போதும் கண்ணில் ஒன்றும் வரவில்லை.

சால்ட் லேக்கிலிருந்து எப்போதும் டாக்ஸியில்தான் திரும்புவேன். நேற்று பஸ் ஏறினேன். கொஞ்ச தூரத்தில் குமட்டியது. இறங்கினேன், காற்று வாங்கினேன், அடுத்த பஸ் ஏறினேன். வீடு வந்து சேர நாலு பஸ் ஆயிற்று. உன் சார்ட் சட்டைப் பையிலேயே இருந்தது. வாந்தி எடுக்கவில்லைலே.