கருப்பண்ணன் ஊருக்கு வருகிறான்

பம்பாய், 12.8.1986

அன்புள்ள அப்பாவுக்குத் தங்கராசு வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். அம்மாவின் முட்டிவலி குறைந்ததா?

ஆபீஸில் ஒரு சின்ன விஷயம், கவலைப்பட வேண்டாம். இங்கே பாஸ்வேர்டு என்ற ரகசியச் சொல்லைக் கொடுத்தால்தான் பெரிய கம்ப்யூட்டர் எந்த வேலையையும் ஏற்கும். அந்தக் காவலைக் கவனிப்பது நான். போன வாரம் அதிகாரி ஒருவரின் பாஸ்வேர்டில் யாரோ சம்பளக் கணக்கைத் திறந்துவிட்டார்கள். எந்த டெர்மினலிலிருந்து, அதாவது கம்ப்யூட்டரோடு இணைந்த எந்த மேஜைத் திரையிலிருந்து என்று கேட்டார்கள். பார்த்துச் சொன்னேன். அதன் முன்னால் உட்கார்ந்திருந்தது என் அறைத்தோழன், நம் மீன்சுருட்டி ஊர்க் கருப்பண்ணன்.

"அந்த அதிகாரி சார்தான்டா தன் பாஸ்வேர்டச் சொல்லி கணக்கைத் திறக்கச் சொன்னாரு. இப்ப இல்லங்கறாரு" என்று என்னிடம் அழுதான். அன்றே அவன் வேலை போய்விட்டது. நேற்று ஊருக்கு ரயிலேறிவிட்டான்.

அறையில் தமிழ் பேச ஆளில்லை. அம்மாவிடம் எள்ளுப்பொடி அனுப்பச் சொல்லுங்கள். ஒருவனுக்குப் போதுமானது போதும்.

டெர்மினலைக் காட்டிக்கொடுத்தது நான்தான் என்று அவனுக்குத் தெரியாது. அடுத்த வாரம் நம் வீட்டுக்கு வந்து என்னைப் பற்றி நல்லவிதமாகச் சொல்வான். குறுக்கே எதுவும் பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள், அப்பா.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உங்கள் மகன்
தங்கராசு