நாற்பதாம் நாள் நெய்ச்சோறு

மதுரை, 1938

அருமை மகன் அப்துல் வஹீதுக்கு அம்மாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் தங்கை நஜ்முன்னிசாவும் உடம்பளவில் சுகம், மனசைக் கேட்காதே. பினாங்கில் நீ சுகமாயிருக்க துஆ செய்கிறேன். உன் அத்தா மவுத்தாகி நாற்பதாம் நாள் பாத்திஹா முந்தாநாள் ஓதி முடிந்தது. வரமுடியவில்லையென்று அழுது எழுதியிருந்தாய். வராததே நல்லது. வந்திருந்தால் உன் சின்னத்தா சேக் இஸ்மாயிலின் சட்டையைப் பிடித்திருப்பாய்.

ஆண்கள் கண்ணில் படக்கூடாத இத்தாவில் இருப்பதால் எல்லாவற்றையும் திரைக்குப் பின்னாலிருந்துதான் கேட்டேன். கடைத்தெருவே வந்து அத்தாவைப் பேசியது. பேசியதில் பொய்யில்லை. கொட்டாம்பட்டிப் பெண்கள் கொண்டுவரும் வெண்ணெயைப் புறங்கையில் தேய்த்து மோந்து பார்க்காமல் அவர் ஒரு நாளும் உருக்கியதில்லை. எவ்வளவு பெரிய வியாபாரி வந்து நின்றாலும் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு நம்மோடு உட்கார்ந்துதான் சாப்பிடுவார், கேட்டால் "கடை கெடக்கும், பிள்ளைக ஆறுன சோறு திங்கக்கூடாது" என்பார். நீ கப்பல் ஏறியபின் உன் முதல் கடிதம் வரும்வரை அந்த மனுஷர் சோற்றில் நெய் ஊற்றிக்கொள்ளவில்லை, நெய்க்கடைக்காரர்! இதெல்லாம் கேட்டு நான் உள்ளே அழ, உன் சின்னத்தா வெளியே என்னைவிடச் சத்தமாக அழுதார். அப்புறம், இப்போது கடையைப் பார்க்கும் அவர் அனுப்பிய நெய்யில் ஆக்கிய நெய்ச்சோறு வந்தது. ஒரு வாய்தான் வைத்தேன், மெழுகு மாதிரி மேலண்ணத்தில் ஒட்டியது. நெய்யில்லை, வனஸ்பதி! அத்தாவின் பாத்திஹா சோற்றில், அவர் கடை டின்னிலிருந்து! துப்பிவிட்டேன். வெளியே ஒருத்தர் விரலைச் சூப்பிக்கொண்டு, அத்தா பேரைச் சொல்லி, நைனா முகமது கடை நெய்யாச்சே, மணக்குது பாருங்க என்கிறார். தூ!

எல்லாரும் போனதும் உன் சின்னத்தாவைத் திரைக்கு அந்தப்பக்கம் நிறுத்திக் கேட்டேன். கொஞ்சமாவது கூசணுமே? "மதினி, ஊரே கலக்குது. அண்ணன் மவுத்தானதுலருந்து கடையிலயும் இதத்தான் ஊத்துறோம், எவன் கேட்டான்? அம்புட்டுப் பேரும் அண்ணன் பேருக்குத்தான வாங்குறான்" என்றார். பிள்ளை பெற்றவளுக்கு மருந்து கிண்டுகிறவர்கள்கூட நம்பி வாங்குகிறார்கள் மகனே. கூடப் பிறந்தவன் இப்படியும் இருப்பானா? நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது.

நேற்றுக் காலை உன் மாமா காதர் மைதீனை அனுப்பி, அத்தா பேர் எழுதிய பலகையைக் கடையிலிருந்து கழற்றிவரச் சொல்லிவிட்டேன். பின்னாலேயே ஓடிவந்து வாசலில் நின்று, பேரில்லாம எவன் மதினி வாங்குவான் என்று உன் சின்னத்தா கத்தினார். "ஒம் பேர எழுதி வித்துப் பாரு" என்றேன். போய்விட்டார்.

வாரிசு நீ என்பதால், அந்தப் பேரில் கடை நடத்தச் சம்மதம் கேட்டு உனக்குக் காகிதம் அனுப்புவார். தேனாக எழுதியிருப்பார், கையெழுத்துப் போட்டுவிடாதே. நீ வந்து உன் அத்தா மாதிரி வெண்ணெய் உருக்குவதானால் பலகை உனக்கு. வரமுடியாதென்றால் அதையும் ஒளிக்காமல் எழுது, கோபப்படமாட்டேன். பலகையை அடுப்பில் வைத்து ஒரு வேளைச் சோறு பொங்கிவிடுவேன்.

வேளைக்குச் சாப்பிடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுசையும் ஹலாலான பிழைப்பையும் ரிஸ்கையும் தரட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா,
அஜ்மல் பீவி