முன்கண்ணாடியும் என் மனைவி சாத்திய கதவும்

அனுப்புநர்
ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக்,
தரைத்தள வீடு (லிஃப்ட் தேவைப்படாதது).

பெறுநர்
குறைதீர் அலுவலர் அவர்கள்,
வாகனப் பணிமனைகள் கண்காணிப்புப் பிரிவு.

பொருள்: காரின் முன்கண்ணாடியை மோசமாக மாற்றிக் கொடுத்துவிட்டு, அது பெயர்ந்த பழியை என் மனைவியின் மேல் எழுதி வைத்த பணிமனை மீது நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. எனது முந்தைய இரண்டு மனுக்கள். 2. அவற்றுக்குத் தாங்கள் காத்த மௌனம்.

மதிப்பிற்குரிய ஐயா,

மூன்றாவது முறையாகப் பணிவுடன் எழுதுகிறேன். பணிவு இன்னும் கையிருப்பில் உள்ளது. ஆனால் பானையின் அடி தெரிய ஆரம்பித்துவிட்டது.

1. சென்ற மாதம் ஜல்லி லாரியிலிருந்து தெறித்த கல் ஒன்று எங்கள் காரின் முன்கண்ணாடியில் பட்டு, விரிசல் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடிவிட்டது. பெரிய சாலையில் உள்ள பணிமனைக்குக் கொண்டுபோனேன். அங்கே குளிர்சாதன அறை, மெத்தை வைத்த நாற்காலி, மீன்தொட்டி எல்லாம் உண்டு. மீன்களைப் பார்த்ததுமே நான் திரும்பி வந்திருக்க வேண்டும். அவை யார் செலவில் கொழுக்கின்றன என்பது தெரியாத வயதல்ல எனக்கு.

2. தொலைபேசியில் ஒரு தொகை சொன்னார்கள். பில் அதைப்போல் ஒன்றரை மடங்கு வந்தது. கண்ணாடி, பசை, ரப்பர் பட்டை, கூலி என்று தனித்தனியே போட்டுவிட்டு, கடைசியில் 'இதர' என்று ஒரு வரி. வேலை செய்தவரின் கூலியைவிட இந்த இதர அதிகம். அது என்னவென்று கேட்டதற்கு, "அது சிஸ்டம்ல தானா வர்றதுங்கய்யா" என்றார் மேலாளர். முப்பத்தொரு வருடம் லிஃப்ட் பழுதுபார்த்தவன் நான். இதரவுக்காக யாரையும் நடுமாடியில் நிறுத்தி வைத்ததில்லை.

3. போட்ட கண்ணாடி ஒரிஜினல் என்று சொன்னார்கள். மூலையில் இருக்க வேண்டிய கம்பெனி முத்திரை இல்லை. அதன் வழியாகப் பார்த்தால் விளக்குக் கம்பங்கள் இடுப்பை வளைக்கின்றன. சாலையைக் கடப்பவர் ஒருவராகத் தொடங்கி ஒன்றேகாலாக முடிகிறார். இதைச் சொன்னபோது, கண் டாக்டரைப் பார்க்கும்படி மேலாளர் ஆலோசனை வழங்கினார். பார்த்தேன். கண்ணில் குறையில்லை. சான்று இணைப்பில்.

4. இவ்வளவையும் நான் விழுங்கியிருப்பேன். விழுங்க முடியாதது இனிமேல்தான் வருகிறது. கண்ணாடியை ஒட்டும் பசை இறுகும்வரை வண்டியை எடுக்கக் கூடாது. ஒரு ஜன்னலையாவது இரண்டு விரல் அளவு இறக்கி வைக்க வேண்டும். எல்லா ஜன்னலும் ஏற்றியிருக்கும்போது கதவைச் சாத்தினால், உள்ளே அடைபட்ட காற்று, பசை காயாத கண்ணாடியை வெளியே தள்ளும். இது என் சொந்தச் சரக்கல்ல. அந்தப் பணிமனையின் குப்பைத்தொட்டியிலிருந்து பின்னர் நான் எடுத்துவந்த பசைக்குழாயின் மேலேயே அச்சிட்டிருக்கிறது. எறும்பு சைஸ் எழுத்து. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். அதே குழாயில், பசையின் ஆயுள் பதினான்கு மாதம் முன்பே முடிந்துவிட்டதாகவும் இருக்கிறது. ஆனால் கண்ணாடி பொருத்தியவர் நான்கு ஜன்னல்களையும் தாமே ஏற்றிவிட்டு, "எடுத்துட்டுப் போங்க பெரியவரே, கல்லு மாதிரி புடிச்சிருச்சு" என்று சாவியைக் கொடுத்தார். ஒட்டி முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

5. என் மனைவிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. வாரம் இருமுறை பிசியோதெரபி. வண்டியை எடுத்துவந்த அன்றே அவரை அங்கே இறக்கிவிட்டேன். அவர் இறங்கினார், கதவைச் சாத்தினார். முன்கண்ணாடியின் இடது கீழ்மூலை 'பொத்'தென்று பெயர்ந்து வெளியே நின்றது.

6. இந்தப் பத்தியை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் மறைத்தால் மனு மனுவாக இருக்காது. மறுநாள் பணிமனையில் மேலாளர் மிக இனிமையாக, "கதவ யாருங்கய்யா சாத்துனது?" என்று கேட்டார். நான், "எங்க வீட்டம்மாதான். அவ கதவச் சாத்துனா பக்கத்துத் தெரு நாயெல்லாம் எந்திரிச்சு நிக்கும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஏனென்றால் நகைச்சுவை என்னுடையது. சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு தாளை நீட்டி, "சும்மா ஒரு கையெழுத்துங்கய்யா" என்றார்கள். பசைக்குழாயைக்கூட விடாமல் படிக்கிற நான், அந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அதில் எழுதியிருந்தது: 'வாடிக்கையாளரின் மனைவி கதவை ஓங்கி அறைந்ததால் ஏற்பட்ட சேதம். கணவரே ஒப்புக்கொண்டார். உத்தரவாதம் செல்லாது.'

7. சட்டையைத் துவைக்க எடுத்தபோது, எனக்குக் கொடுத்த அந்தத் தாளின் நகல் என் மனைவியின் கையில் கிடைத்தது. சண்டை போடவில்லை. போட்டிருந்தால் இரண்டு நாளில் முடிந்திருக்கும். "ஊர் சிரிக்கட்டும்னு என்னைய எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து காரில் ஏறுவதில்லை. ஊன்றுகோலோடு இரண்டு பஸ் மாறிப் போகிறார். படியேறும்போது முழங்கால் மடங்குவதில்லை; பின்னால் நிற்பவர்கள் தூக்கிவிடுகிறார்கள். மூலையில் டேப் ஒட்டிய காரை ஓட்டிக்கொண்டு நானும் பஸ்ஸின் பின்னாலேயே போகிறேன். சென்ற வெள்ளியன்று டிரைவர் தலையை நீட்டி, "என்ன பெருசு, பஸ்ஸ விலைக்குக் கேக்கப் போறீங்களா?" என்றார். நாற்பத்திரண்டு வருடமாக என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தவர் அந்த பஸ்ஸுக்குள் நிற்கிறார் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? பயிற்சி கொடுக்கும் பெண், கால் முன்னேறவில்லை, பஸ்ஸை நிறுத்துங்கள் என்கிறார். அதைத் தாங்கள்தான் நிறுத்த முடியும்.

8. ஆகவே கண்ணாடியைப் புதுப் பசையால், சரியான முறையில் மாற்றித்தரவும், 'இதர'வுக்கு விளக்கம் பெற்றுத்தரவும், எல்லாவற்றுக்கும் முதலாக அந்தத் தாளை ரத்து செய்து, என் மனைவி கதவை அறையவில்லை என்று எழுத்து மூலம் தெரிவிக்கவும் கோருகிறேன்.

9. மேலே கண்ட எட்டாம் பத்தியில் ஒரு திருத்தம். மனுவை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். மூன்று வாரத்தில் அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சை அப்படியே தருகிறேன்: "அறையலைன்னு ஏன் பொய் எழுதுறீங்க? அறைஞ்சேன். கால் வலி, அறைஞ்சேன். கார் கண்ணாடின்னா அதைத் தாங்கணும். தாங்காதது அவன் குத்தம். அதை எழுதுங்க."

ஐயா, மூன்று மனுக்களில் நான் எழுதத் தெரியாமல் சுற்றி வந்ததை அவர் நின்றபடியே சொல்லி முடித்துவிட்டார். எனவே என் கோரிக்கையை மாற்றிக்கொள்கிறேன்: கதவு அறையப்பட்டது. கண்ணாடி தாங்கியிருக்க வேண்டும். தாங்காதது பணிமனையின் குற்றம். இந்த மூன்று வரிகளைத் தங்கள் முத்திரையோடு எழுதித் தர வேண்டுகிறேன்.

பதிலை என் மனைவியின் பெயருக்கே அனுப்பவும். என் பெயருக்கு வந்தால், அதையும் நான் எங்கேயோ சிரித்துப் பேசி வாங்கி வந்ததாகத்தான் நினைப்பார்.

இடம்: வீட்டுச் சாப்பாட்டு மேசை
நாள்: செப்டம்பர் 19, பிசியோதெரபிக்கு முந்தைய நாள்

படித்துப் பார்த்துக் கையெழுத்திடும்,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக்

இணைப்பு: பில், கண் மருத்துவர் சான்று, பசைக்குழாய் (பிசுபிசுக்கும், கவனமாகப் பிரிக்கவும்).