கண்டதா, கேட்டதா?

மச்சான், இதெல்லாம் இப்படித்தான் வரும் என்று நான் அப்போதே சொன்னவன். வெள்ளம் வரும், றோட்டு மறியும், உன்ட வகுப்புப் பிள்ளைகள் கணினி அறையில் இருந்து எழுதின பக்கத்தைப் பார்த்துத்தான் சனம் வழி தேடும் என்று. எத்தனை பேருக்கு முன்னால் சொன்னேன்! நீதான் நம்பாமல் சிரித்தாய்.

இன்று காலை வாவிப் பக்கமிருந்து மழை வாடை அடித்தது. அந்தச் சேற்று மணம் வந்தாலே எனக்கு உன் நினைவுதான். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற மருமகள் தர்சினி போனை நீட்டிக்கொண்டு வந்தாள். அதில் உன் வகுப்பின் வெள்ளப் பக்கம். நீ கண்மூடி இரண்டு வருடமாகியும், புதுப் பிள்ளைகள் மழைக்கு முதல் ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்கிறார்களாம்.

"மாமா, மதகடி வரியில உங்கட பேர்தான் கிடக்கு. திரும்ப ஒருக்கா கேக்கச் சொன்னவங்க."

எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன்; நட்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். நீ படித்து, புவியியல் வாத்தியாராகத் திரும்பி வந்தாய். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினியில் விக்கி என்றொரு பக்கம் தொடங்கினாய். எந்தப் பாதையில் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சொன்னவரின் பெயர், பிறகு இரண்டு கட்டம்: கண்டது, கேட்டது.

"ஆரும் எழுதலாமா?" என்று கேட்டேன்.

"ஓம். ஆரும் திருத்தலாம்."

"அப்ப ஒருத்தன் பொய்ய எழுதினா?"

"பொய்யும் கிடக்கும், அவன்ட பேரும் கிடக்கும். அழிச்சாலும் பழைய பிரதி பின்னால இருக்கும் மச்சான்."

அது எனக்குச் சொன்னது என்று அன்று விளங்கவில்லை. பிள்ளைகள் வந்து கேட்டபோது வஞ்சகமில்லாமல் சொன்னேன். பெரிய வெள்ளத்தில் மூன்று நாள் மதகடியில் கம்போடு நின்றேன். தண்ணீர் மதகின் கட்டைத் தொட்டதே தவிர ஏறவில்லை. ஒரு முதலை வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அந்த முதலை வரியை நீ வெட்டிவிட்டாய். "சாட்சிக்கு அதக் கூட்டிட்டு வா, சேர்க்கிறன்" என்றாய். மற்றதெல்லாம் 'கண்டது' கட்டத்தில் ஏறிவிட்டது.

பிறகு வந்தது அந்தப் பரீட்சைக் காலை. நாலு நாளாக விடாத மழை. பெரிய றோட்டு தண்ணீருக்குள். என் ட்ரக்டர் பெட்டியில் ஒன்பது பிள்ளைகள், தர்சினியும் ஒருத்தி, அனுமதி அட்டையைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி. மிச்சமிருந்தது வயல் வட்டைக்குள்ளால் மதகைக் கடந்து போகிற பாதை மட்டும். போனில் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நீ என்னைப் பார்த்தாய்.

"மச்சான், இந்த வரிய நம்பித்தான் பிள்ளையள ஏத்துறன். கண்டதா, கேட்டதா?"

ஒன்பது முகமும் என் வாயைப் பார்த்தன.

"கண்டது. இந்த ரெண்டு கண்ணால."

மதகடிக்குப் போனால் மதகைக் காணவில்லை. வயலும் பாதையும் ஒரே தண்ணீர். திரும்பினால் பரீட்சை போய்விடும். நீ என்னை ஒரு சொல் ஏசவில்லை. காற்சட்டையை மடித்தாய், கம்பை எடுத்தாய், இறங்கினாய். இடுப்பளவு தண்ணீர். கம்பால் பாதையின் விளிம்பைக் குத்திக் குத்தி நீ முன்னால் நடக்க, உன் முதுகைப் பார்த்தே நான் ஓட்டினேன். நடுவில் ஒரு சில்லுச் சறுக்கிப் பெட்டி சரிந்தது. தர்சினி பையைத் தலைக்கு மேல் தூக்கினாள். உன் கை மட்டும் அசைந்தது: வலப்பக்கம், இன்னும் வலப்பக்கம், நில். கிளச்சை மிதித்து மிதித்து நான் அடி அடியாக ஊர்ந்ததை இன்றுவரை எவருக்கும் சொன்னதில்லை. பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டினேன் என்றுதான் ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

பரீட்சை மண்டபக் கேற்றைப் பூட்டப் போகிற நேரம் ஒன்பது பேரும் உள்ளே ஓடினார்கள். நீ சட்டையைப் பிழிந்தபடி, "நல்லா ஓட்டினாய்" என்றாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனை பிளேன்ரீ ஒன்றாகக் குடித்தோம், நீ அந்தக் கதையையே எடுக்கவில்லை.

இன்றைக்குத்தான் தர்சினி பழைய பிரதிகளைத் திறந்து காட்டினாள். அன்று பின்னேரமே என் வரியை 'கேட்டது' கட்டத்துக்கு மாற்றியிருக்கிறாய். காரணம் எழுதுகிற இடத்தில்: "நண்பர் வேறு யாரிடமாவது கேட்டிருக்கலாம். சரிபார்க்காமல் விட்டது என் பிழை." அதற்குக் கீழே ஒரு புது வரி: "மதகடி, இடுப்பளவு. கண்டது." உன் பெயர்.

இப்போதெல்லாம் கதை சொல்ல வாய் திறந்தால் 'கண்டதா, கேட்டதா?' என்ற உன் கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. கதை பாதியில் சுருங்கிப் போகிறது. சனம் எனக்கு வயது போய்விட்டது என்கிறது.

"உங்கட வரிக்கு என்ன மாமா போடுற?" என்றாள் தர்சினி.

"என்ட வரிய அழி புள்ள."

"அழிச்சாலும் பின்னால உங்கட பேர் கிடக்கும்."

"கிடக்கட்டும்."

நீ எனக்காக 'கேட்டிருக்கலாம்' என்று எழுதினாய். கேட்டதுமில்லை மச்சான். அந்தப் பெரிய வெள்ளம் வடியும்வரை நான் தேற்றாத்தீவில் அக்கா வீட்டில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். மதகடிப் பக்கம் கால் வைக்கவேயில்லை.