சங்கத்தில் இதையும் வாசியுங்கோ

மடத்துவெளி,
புங்குடுதீவு.
08.06.2005

அன்பு மகள் துஷாந்திக்கு அம்மா எழுதிக்கொள்வது,

நயினை அம்மன் துணையால் நானும் தம்பி லவனும் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை. நீயும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு வெள்ளியும் விளக்கு வைக்கிறேன். நீ அனுப்பிய படங்கள் கிடைத்தன. சின்னவன் மெலிந்துபோய் நிற்கிறான், இருமல் விடவில்லை என்று சொன்னாய், மல்லி அவித்துக் கொடு, ஐஸ்கிறீமைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்து. பனங்கிழங்கை ஒடியலும் புழுக்கொடியலுமாகக் காய வைத்து எடுத்து வைத்திருக்கிறேன், ஆர் வருகிறார்கள் என்று அறிவித்தால் கொடுத்து விடுவேன். இனி எழுத வந்த விஷயத்தை எழுதுகிறேன். ரெலிபோனில் சொல்லியிருக்கலாம், ஆனால் குறிகட்டுவான் இறங்குதுறைக் கடையில் பின்னால் நாலு பேர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், அதோடு சொல்லத் தொடங்கினால் எனக்கு அழுகை வந்துவிடும். ஆறுதலாக இருந்து வாசி.

நீ ஹோட்டல் அறைகளைத் துடைத்துச் சேர்த்த காசில், மருமகன் தெரிந்தெடுத்த கொம்பனியின் புது வானைத் தம்பிக்கு ஒரு தொழிலாக வாங்கித் தந்தாய். மடத்துவெளியில் புது வான் என்று அது ஒன்றுதான். நானும் முன் சீற்றில் ஏறி இருந்து, கண்ணாடியை இறக்கி விட்டு, எல்லாரும் பார்க்கத்தான் கோயிலுக்குப் போனேன். இரண்டாம் மாதமே வருத்தம் தொடங்கிவிட்டது. நல்ல வெயிலில் ஓடிக்கொண்டு போகும்போதே இஞ்சின் நின்றுவிடும், அரை மணித்தியாலம் ஆற விட்டால் ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்ராட் வரும். யாழ்ப்பாணத்தில் உள்ள அந்தக் கொம்பனிக் கடைக்குத் தம்பி கொண்டுபோனான். புது இஞ்சின், பழகும் மட்டும் அப்படித்தான் என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை கொழும்பிலிருந்து சாமான் வரவேண்டும் என்று பதினொரு நாள் தங்கள் வளவிலேயே போட்டு வைத்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் கழுவி மினுக்கி ஒரு கலண்டரும் கொடுத்து விட்டார்கள். மூன்றாம் முறை அங்கே மனேச்சராக இருக்கிறவர் தலையை நிமிர்த்தாமலே, தீவுப்பகுதி உப்புக் காத்துக்கு நாங்கள் என்ன செய்யேலும் என்றாராம். அண்ணை, தீவிலை ஓட எண்டு சொல்லித்தானே வாங்கினனாங்கள், அப்ப உந்த உப்புக் காத்து எங்கை போயிருந்தது என்று லவன் கேட்டானாம். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டாராம்.

ஊர்காவற்றுறையில் வள்ளத்து இஞ்சின் திருத்துகிற வின்சன்ற் என்று ஒருவர் இருக்கிறார், அவரிடம் ஒருக்காக் காட்டுவோம் அம்மா என்று லவன் எத்தனையோ தரம் கேட்டான். நான்தான் விடவில்லை. வெளி ஆள் ஒரு நட்டைத் தொட்டாலும் கரன்ரி போய்விடும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். அந்தக் கரன்ரிப் பத்திரத்தைக் காணி உறுதிகளோடு சேர்த்து அலுமாரியில் பூட்டி வைத்திருந்தேன். பிள்ளை கை நோக உழைத்து வாங்கித் தந்த வானின் பத்திரம், அதைப் பழுதாக்கக் கூடாது என்று நினைத்தேன். நினைத்தது எவ்வளவு பிழை என்று இப்போது தெரிகிறது.

தை மாதம் உனக்கு எழுதிய கடிதம் நினைவிருக்கும். வான் தேர் மாதிரி ஓடுகிறது, ஒரு குறையும் இல்லை என்று எழுதினேன். அப்போது அது கடை வளவில் நின்றது. உன் மனம் நோகக் கூடாது என்று எழுதினேன் என்றால் அது பாதி உண்மை. எங்கள் வான் வழியில் நிற்கிறது என்று என் கையால் எழுத எனக்கு வெட்கமாக இருந்தது, அது மற்றப் பாதி. அந்தக் கடிதத்தை மருமகன் அங்கே உங்கள் ஊர்ச் சங்கக் கூட்டத்தில் வாசித்தார், எல்லாரும் கை தட்டினார்கள், எங்கள் ஆஸ்பத்திரிக்கு அம்புலன்சாக அனுப்புவதற்கும் அதே கொம்பனி வானை அதே கடையில் எடுக்கப் போகிறோம் என்று நீ சந்தோசமாகச் சொன்னாய். நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு நின்றேன்.

பங்குனியில் நாகமுத்தக்கா செத்ததை நீ அறிவாய், எப்படி என்று நான் உனக்குச் சொல்லவில்லை. பக்கத்து வளவு மார்க்கண்டரின் மனிசி, நீ சின்னனில் அவவின் மடியில் கிடந்து வளர்ந்தாய். வேலி அடைக்க ஓலை இழுக்கும்போது அடுக்குக்குள் கிடந்த பாம்பு கையில் கொத்திவிட்டது. லவன்தான் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினான், நானும் மார்க்கண்டரும் கூடப் போனோம். காலை பதினொரு மணி, கொதிக்கிற வெயில். வேலணைக்குப் போகிற பாலத்து ரோட்டில், இரண்டு பக்கமும் கடல், நடுவில் வான் நின்றுவிட்டது. லவன் திறப்பைப் போட்டு ஸ்ராட்டுக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தள்ளினோம். பாலத்தடியில் நிற்கிற நேவிப் பொடியன்களும் ஓடி வந்து தள்ளினார்கள். நாகமுத்தக்கா பின் சீற்றில் என் தோளில் சாய்ந்துகொண்டு, என்னடா லவன், உன்ரை வானையும் பாம்பு கடிச்சிட்டுதோ என்று கேட்டா. அவவின் வாய் எப்போதும் அப்படித்தானே. மார்க்கண்டர் கூடச் சிரித்தார். பிறகு அவவுக்கு இமை தொங்கத் தொடங்கியது, பேச்சுக் குழறியது. அந்த வெயிலில் அரை மணித்தியாலம் கழிந்தும் இஞ்சின் ஆறவில்லை, முக்கால் மணித்தியாலம் கழித்துக் குறிகட்டுவான் பஸ் வந்தது, மறித்துத் தூக்கி ஏற்றினோம். அல்லைப்பிட்டி தாண்ட முதல் மூச்சு நின்றுவிட்டது. நாங்கள் திரும்பி வரும்போது வான் நல்லபிள்ளை மாதிரி ஸ்ராட் வந்தது.

அக்காவின் எட்டுச் சிலவுப் படையல் முடிந்த அடுத்த நாள் நானும் லவனோடு கடைக்குப் போனேன். மனேச்சர் ஒரு புத்தகத்தைப் பிரித்து, நீங்கள் போன சேர்விசுக்கு ஒன்பது நாள் பிந்தி வந்தனீங்கள், அதாலை கரன்ரி இல்லை என்றார். அந்த நாள்கள் வான் உங்கடை வளவிலை தானே தம்பி நிண்டது என்றேன். அது எங்களுக்குத் தெரியாது அம்மா, புத்தகத்திலை இப்பிடித்தான் கிடக்கு என்றார். நான் பத்திரத்தை எடுத்து அவருடைய மேசையில் வைத்தேன். இதுக்காகத்தான் ஒரு மனிசி செத்தது, நீரே வைச்சிரும் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

அன்று வரும் வழியிலேயே வின்சன்றிடம் காட்டினோம். டீசல் வருகிற குழாயில் ஒரு வெடிப்பு, வெயில் ஏற அது விரிந்து காற்றை இழுக்கிறது, அரை மணித்தியால வேலை என்று அங்கேயே மாற்றித் தந்தார். அரை மணித்தியாலம், துஷாந்தி. லவன் கடற்கரைப் பக்கம் போய் இருந்துவிட்டான். வின்சன்ற் எனக்குச் சொன்னது, இது இண்டைக்கு ஓடும் அம்மா, நாளைக்கு வேறை ஒண்டு போனால் சாமான் அவையளிட்டை மட்டும்தான் கிடக்கு, திரும்பவும் அந்த வாசலிலை தான் போய் நிற்கவேணும். அதனால்தான் உன்னைக் கேட்காமல் வானை விற்றேன். வாங்கினவருக்கு எல்லாக் குறையையும் சொல்லித்தான் விற்றேன். இப்போது நிற்பது வேறு கொம்பனியின் பழைய வான், லவனுக்கு ஐந்தாறு வயது இருக்கும்போது செய்ததாம், நிறம் போய்விட்டது, பின் கதவைக் கயிற்றால் கட்டியிருக்கிறது, படம் எடுத்து அனுப்ப ஒன்றும் இல்லை. ஆனால் சாமான் எந்தக் கடையிலும் கிடைக்கும், வின்சன்ற் சத்தத்தைக் கேட்டே வருத்தம் சொல்வார். நயினை அம்மன் திருவிழாவுக்குச் சனம் வரத் தொடங்கிவிட்டது. லவன் ஊருக்குள்ளும் குறிகட்டுவான் பக்கமும் மட்டும் ஓடுகிறான். ஆள் ஏற்றிக்கொண்டு பாலத்துப் பக்கம் இன்னும் திருப்புவதில்லை. வான் விற்றதைக் கேள்விப்பட்டு நீ போன கிழமை போனில், தம்பி ஒழுங்காகப் பார்க்காமல் வானைப் பழுதாக்கிப்போட்டான் என்று ஏசினாய். அவன் அன்று சாப்பிடவில்லை. அவனில் ஒரு பிழையும் இல்லை. இனி அப்படிச் சொல்லாதே.

முந்தாநாள் மார்க்கண்டர் வாசல் படலையடிக்கு வந்தார். முப்பத்தோராம் நாள் அந்திரட்டிக்குப் பிறகு இப்போதுதான் வருகிறார். என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை. சின்னத்தங்கம், ஆஸ்பத்திரிக்கு வரப்போறதும் உந்தக் கொம்பனி வான் தானாம், மெய்யே என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். படலையைச் சாத்திவிட்டுப் போனார். அன்றைக்கே இந்தக் கடிதம் எழுதக் கொப்பி வாங்குவித்தேன்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு கூட்டத்தில் காசைக் கட்ட முடிவெடுப்பார்கள் என்று சொன்னாய். அதற்கு முதல் இந்தக் கடிதம் வந்து சேர்ந்துவிடும். தை மாதக் கடிதத்தை வாசித்த அதே இடத்தில் மருமகன் இதையும் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். மாமிக்கு வெட்கம் என்று எந்த இடத்தையும் விட வேண்டாம், நான் பொய் எழுதினது, பத்திரத்தைப் பூட்டி வைத்தது எல்லாவற்றையும் வாசிக்கட்டும். எந்தக் கொம்பனி என்றாலும் வாங்கட்டும், ஊரில் திருத்த ஆளும் சாமானும் உள்ள வானாகப் பார்த்து வாங்கட்டும். அந்த வானில் பாலம் தாண்டப் போகிறவர்கள் எங்கள் சனம்.

பிள்ளைகளைக் கவனமாகப் பார், குளிருக்குத் தலையை மூடி அனுப்பு. மருமகனுக்கு என் ஆசீர்வாதம், பேரப்பிள்ளைகளுக்கு முத்தங்கள். அம்மன் உங்களை ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும். தை மாதக் கடிதத்தில் அம்மா என்று மட்டும்தான் கையெழுத்து வைத்தேன். இதில் பெயரை முழுதாக எழுதுகிறேன், அதையும் வாசிக்கச் சொல்லு.

இப்படிக்கு,
அம்பலவாணர் சின்னத்தங்கம்,
மடத்துவெளி.