ஒரு தீர்ப்பும் ஒரு பன்றியும்

மிசிசிப்பி,
8 அக்டோபர் 1972

அன்பு மகன் லவெல்லுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையில் நானும் உன் தங்கை எர்னஸ்டினும் சுகம், என் முழங்கால் மட்டும் மழைக்கு முனகுகிறது. டெட்ராய்ட்டில் நீயும் மருமகளும் குழந்தையும் சுகம் என்ற வரியைப் படித்துவிட்டுத்தான் உன் கோபத்தைப் படித்தேன். வழக்கில் பெயர் போட்டு என்ன கண்டாய், வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பி வா என்கிறாய். பெயர் போட்டதற்காக வெள்ளைக்கார ஹாட்லி வீட்டுச் சமையல் வேலை போனது, வருத்தமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் எர்னஸ்டின் நர்ஸ் ஆக வேண்டுமானால் வேதியியல் படித்தாக வேண்டும். நம் கறுப்புப் பிள்ளைகளோடு உட்கார மாட்டோம் என்று வெள்ளைக்காரர்கள் தனிப்பள்ளி கட்டிக்கொண்டு போனபோது, வேதியியல் வாத்தியார் பர்விஸையும் அல்லவா கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தப் பள்ளிக்குக் கொடுத்ததையெல்லாம் தர்மக்கணக்கில் காட்டி வரியில் கழித்துக்கொள்ள அரசாங்கமே விட்டது. அது எந்த ஊர் தர்மம் என்றுதான் வழக்குப் போட்டுக் கேட்டோம்.

போன டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நம் பக்கம் நின்றதும், அந்தப் பள்ளிக்கே பூட்டுப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து நம் சர்ச் மூப்பர் டீக்கன் ரூஃபஸ் தன் பெரிய பன்றியை அறுத்துவிட்டார். சபையே சர்ச் முற்றத்தில் கூடிவிட்டது. அப்போதுதான் வக்கீல் வந்து, பூட்டெல்லாம் இல்லீங்க, நம்ம பிள்ளைங்களைச் சேக்காத பள்ளிக்கு வரிச்சலுகை கிடையாது, அவ்வளவுதான் என்றார். எல்லார் முகமும் தொங்கிப்போயிற்று. ரூஃபஸ் மனைவி மட்டும், அறுத்த பன்றி எந்திரிச்சு நடக்கவா போகுது, தட்டைப் புடிங்கய்யா என்றாள். சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்கள், நான்தான் தட்டை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். இதற்காகவா வேலையைத் தொலைத்தேன் என்று வீட்டுக்கு வந்து அழுதேன், உனக்கு அதை எழுதவில்லை.

ஆனால் பார், சலுகை போனதோடு அவர்களுடைய தர்மகுணமும் போய்விட்டது. நன்கொடை வற்றி வாத்தியார்களுக்குச் சம்பளம் இழுபறியாகி, செப்டம்பரில் பர்விஸ் நம் பள்ளிக்கே வந்து சேர்ந்தார். மனம் மாறி வந்தவரில்லை. பிள்ளைகள் முகத்தையே பார்ப்பதில்லையாம், கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்துகிறாராம். எனக்கு ரத்தம் கொதித்தது, வந்து நாலு வார்த்தை கேட்கட்டுமா என்றேன். வேணாம்மா, அவர் போர்டையே பாக்கட்டும், நானும் அதைத்தானே பாக்கப் போறேன் என்று எர்னஸ்டின் சொல்லிவிட்டாள்.

அதனால் இப்போதைக்கு நான் வருவதாக இல்லை, கோபித்துக்கொள்ளாதே. குழந்தையைக் குளிரில் வெறுங்காலோடு விடாதீர்கள். வருகிற மே மாதம் இவள் பள்ளி முடிக்கிறாள், தொழிற்சாலையில் இப்போதே லீவு சொல்லிவை. கர்த்தர் உங்கள் மூவரையும் தம் கையில் வைத்திருக்கட்டும்.

உன் அம்மா,
ஒடெஸ்ஸா ப்ரூயிட்